பிளாகர்: சாதாரண ஆளுக்கு இன்னும் இதுதான் சரி

பழைய தமிழ் வலைப்பூ ஏதாவது ஒன்றைத் திறந்து ஓரப் பட்டியைப் பாருங்கள். ‘முந்தைய இடுகைகள்’ என்றோ ‘காப்பகம்’ என்றோ ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழே ஆண்டுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு முக்கோணம், ஓர் எண். 2009-க்கு எதிரே 84, 2010-க்கு எதிரே 131, 2014-க்கு எதிரே வெறும் 6 என்று ஏறி இறங்கும். முக்கோணத்தைத் தட்டினால் மாதங்கள் விரியும். மாதத்தைத் தட்டினால் தலைப்புகள். ஓர் ஆளின் பத்துப் பதினைந்து வருடம் தேதிவாரியாக அங்கே அடுக்கிக் கிடக்கும். 131 எழுதிய வருடம் மனுஷன் எதில் மூழ்கியிருந்தார், ஆறோடு நின்ற வருடம் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று படிப்பவருக்கே ஊகிக்க முடியும். எழுதியவருக்கோ அது முழுக்க முழுக்கத் தன் வாழ்க்கை. பேஸ்புக்கில் ஐந்து வருடத்துக்கு முன் எழுதியதைத் தேடி எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியின் அருமை தெரியும். பலர் வலைப்பூவை விடாமல் வைத்திருப்பது இந்த ஒரு பட்டிக்காகத்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வலைப்பூ எழுத இலவசமாக இடம் தரும் பிளாகரை 1999 ஆகஸ்டில் தொடங்கியது பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம். 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. தமிழில் வலைப்பதிவு தலையெடுத்ததும் அந்த வாக்கில்தான். டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு குறிமுறையில் கிடந்த தமிழ், யூனிகோடுக்கு மாறிக்கொண்டிருந்தது. முரசு அஞ்சல், எ-கலப்பை, அழகி என்று தட்டச்சு மென்பொருள்கள் கைக்குக் கிடைத்தன. 2004-இல் தமிழ்மணம் திரட்டி வந்தது. யார் எந்த மூலையிலிருந்து எழுதினாலும் தலைப்பு ஒரே பக்கத்தில் வந்து விழுந்தது. பிறகு பேஸ்புக் வந்தது, பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடப்பட்டது, திரட்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கூட்டம் கலைந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயில் கல்வெட்டுகளைப் படம் எடுத்துப் போடுகிறவர், மாடித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தலைவி, படித்த புத்தகங்களைக் குறித்து வைக்கும் வங்கி ஊழியர். காசுக்காக எழுதாத இந்த ஆட்களுக்கு பிளாகர் இன்றைய நிலையில் எப்படி இருக்கிறது என்பதுதான் இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இலவச சேவைகளில் சாதாரண ஆளுக்கு ஏற்றது இன்னும் பிளாகர்தான். ஆனால் தமிழில் எழுதுகிறவர் முதல் நாளிலேயே மாற்றிவைக்க வேண்டிய அமைப்புகள் சில உண்டு. அவற்றை விட்டுவிட்டு இருநூறு இடுகை எழுதியபின் திரும்பிப் பார்த்தால் சரிசெய்ய முடியாது.

ஓர் இடுகையை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம். தலைப்பு: ‘வற்றல் குழம்புக்குச் சுண்டைக்காய் வறுக்கும் பக்குவம்’. இதற்குப் பத்திரிகையில் இடம் கிடைக்காது. சமையல் பக்கத்தில் வற்றல் குழம்பு முழுதாக வரலாம், சுண்டைக்காயை மட்டும் எப்படி வறுப்பது என்று ஒரு பக்கம் எழுத யார் விடுவார்கள்? நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அடுப்பு சின்னத் தீயில், வற்றல் கருகாமல் கரும்பழுப்பாகும் வரை கரண்டியை எடுக்காமல் கிளற வேண்டும், ஒன்று கருகினாலும் குழம்பு முழுக்கக் கசக்கும், அதனால் தனியாக வறுத்து எடுத்து வைத்துக் கடைசியில் சேர்ப்பது நல்லது என்று இத்தனையும் எழுத வலைப்பூவில்தான் இடம் உண்டு. சொல்லக்கூடிய அளவுக்குத் தெரிந்தது ஒன்று எல்லாரிடமும் இருக்கிறது. அதற்கு ஆசிரியர் குழு அனுமதி வேண்டாம், பக்க அளவு வேண்டாம். எழுதுகிறவருக்கு முதலில் கிடைக்கும் சுகம் இதுதான். இரண்டாவது சுகம் எழுத உட்கார்ந்த பிறகு வரும். ‘கரும்பழுப்பு’ என்று எழுதும்போதுதான் அது எவ்வளவு நேரம் என்று கேள்வி வரும்; அடுத்த முறை வறுக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். எழுதுவதாலேயே கை வேலை துல்லியப்படுகிறது.

சரி, எழுதிவிட்டார். ‘வெளியிடு’ என்பதை அழுத்தும் முன் நிறுத்துங்கள்.

பிளாகர் தலைப்பிலிருந்துதான் இடுகையின் முகவரியை உண்டாக்கும். ஆனால் முகவரியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே ஏற்கும். தமிழ் எழுத்துகளை அப்படியே விட்டுவிடும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் முகவரிக்கு எதுவும் மிஞ்சாது. அப்போது அது ‘பிளாக்-போஸ்ட்’ என்று தானாக ஒரு பெயர் வைக்கும். அதே மாதம் இன்னொன்று எழுதினால் ‘பிளாக்-போஸ்ட்_12’ என்று ஓர் எண் ஒட்டும். நூற்றுக்கணக்கான தமிழ் வலைப்பூக்களில் எல்லா இடுகையும் இந்த ஒரே பெயரில்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் யாராவது அந்தச் சுட்டியை அனுப்பினால் உள்ளே குழம்பா, கல்வெட்டா என்று ஒன்றும் தெரியாது. எழுதியவருக்கே தன் பழைய சுட்டி எது என்று அடையாளம் தெரியாது.

இதற்கு மருந்து எளிது. எழுதும் பக்கத்தின் வலப்புறத்தில் ‘நிரந்தர இணைப்பு’ என்ற பகுதி இருக்கிறது. அதில் ‘தனிப்பயன்’ என்பதைத் தேர்ந்து, இரண்டு மூன்று சொல்லை ஆங்கில எழுத்தில், நடுவில் கோடு போட்டு எழுதுங்கள்: ‘சுண்டைக்காய்-வறுவல்’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். எழுத்து, எண், கிடைக்கோடு, அடிக்கோடு, புள்ளி இவ்வளவுதான் ஏற்கும். வெளியிட்ட பிறகு இந்தப் பெட்டி பூட்டிக்கொள்ளும். மாற்ற வேண்டுமானால் இடுகையை மறுபடி வரைவாக்கி, முகவரியை மாற்றி, திரும்ப வெளியிட வேண்டும். அதற்குள் பழைய சுட்டியைப் பகிர்ந்தவர்களுக்கு அது செத்த சுட்டி.

வலைப்பூ எழுத உதவும் இன்னொரு சேவையான வேர்ட்பிரஸில் இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அங்கே வேறு மாதிரித் தொல்லை. வேர்ட்பிரஸ் தமிழை முகவரியில் ஏற்கும், ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியையும் சதவீதக் குறி கலந்த ஒன்பது எழுத்தாக மாற்றி வைக்கும். முகவரிக்கு அது ஒதுக்கும் இடமோ 200 எழுத்து. ஆக 22 குறிக்கு மேல் நிற்காது. தமிழில் ‘ற்’ என்பதே இரண்டு குறி. ‘சு’ என்பதும் இரண்டு. நம் சுண்டைக்காய்த் தலைப்பை அப்படியே கொடுத்தால் முகவரி ‘வற்றல்-குழம்புக்குச்-சுண’ என்று ணகரத்துக்குப் புள்ளி வைக்கக்கூட இடமில்லாமல் அறுந்து நிற்கும். அங்கேயும் கையால் சுருக்கி எழுதத்தான் வேண்டும்.

அடுத்தது நேரம். பிளாகரில் புதிதாகத் திறந்த வலைப்பூ பல நேரம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதற்குப் பனிக்காலத்தில் பதின்மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. பொங்கலன்று காலை பத்து மணிக்குப் பானை பொங்கும் படத்தோடு இடுகை போட்டால் அதன்மேல் முந்தைய நாள் தேதி விழும். மாதத்தின் முதல் தேதி காலையில் எழுதியது காப்பகத்தில் போன மாதத்தில் போய் உட்காரும். முகவரியிலும் ஆண்டும் மாதமும் இருப்பதால் அதுவும் தப்பாகப் பதிந்துவிடும். வலைப்பூவின் பாதி இன்பமே தேதியில் இருக்கிறது என்கிறபோது இது சின்ன விஷயம் இல்லை. அமைப்புகளில் ‘வடிவமைத்தல்’ என்ற பகுதிக்குப் போய் நேர மண்டலத்தை +05:30 என்று வைத்துவிடுங்கள். இலங்கைக்கும் அதேதான்.

வலைப்பூவுக்குப் பெயர் வைக்கும்போதே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: முகவரியைப் போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் சரியாகத் தட்டுவாரா? ‘தமிழ்’ என்ற சொல்லையே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ழகரம், றகரம், நெடில் வரும் பெயர்கள் எல்லாம் இந்தச் சிக்கலில் மாட்டும். பிளாகர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட் முகவரியில் நல்ல சின்னப் பெயர்கள் பெரும்பாலும் போய்விட்டன. 2006-இல் இரண்டே இடுகை எழுதிவிட்டுப் போனவர் வைத்திருந்தாலும் அது அவருடையதுதான், திரும்பக் கிடைக்காது. இன்னொன்று, முகவரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மாற்ற வசதி உண்டு, ஆனால் பழைய முகவரிக்கு வருகிறவரை அது புதிய இடத்துக்கு அனுப்பாது.

கண்ணுக்கு இதமாக

பிளாகரின் வார்ப்புருக்கள், அதாவது பக்கத்தின் தோற்றத்துக்கான அச்சுகள், ரோமன் எழுத்துக்காகச் செய்தவை. ‘கான்டெம்போ’, ‘சோஹோ’, ‘எம்போரியோ’, ‘நோட்டபிள்’ என்று 2017-இல் வந்தவை பார்க்க நன்றாகவே இருக்கின்றன, ஆனால் தமிழைப் போட்டதும் வரிகள் நெருங்கிவிடும். ‘கி’, ‘கீ’ இவற்றின் மேல் கொக்கி, முந்தைய வரியின் ‘கூ’, ‘ஞ’ இவற்றின் அடிக்காலோடு இடிக்கும். படிக்கிறவருக்குக் காரணம் புரியாது. இரண்டு பத்தியில் கண் சோர்ந்து மூடிவிடுவார். எழுத்து அளவை 18 பிக்சலுக்கும் வரி உயரத்தை 1.7 அல்லது 1.8-க்கும் உயர்த்தினால் போதும். கூகுள் எழுத்துருக்களில் தமிழுக்கு நல்லவை நிறைய உண்டு: நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், மீரா இனிமை. நீண்ட கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அச்சுப் புத்தகத்தின் சாயலில் இருக்கும். செல்போனில் படிப்பவர்களுக்கு முக்தா மலர் தெளிவு. ஒன்று போதும். தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, மேற்கோளுக்கு ஒன்று என்று மூன்றைச் சேர்த்தால் மெதுவான இணைப்பில் பக்கம் திறக்கத் திணறும்.

இருபுறமும் வரியை நேராக்கும் பொத்தான் மேல் பலருக்கு ஆசை. தயவுசெய்து தமிழில் அதைத் தொடாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை; ‘எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு’ என்று ஒரே சொல் செல்போனில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். உலாவி சொல்லை நடுவில் உடைக்காது, அடுத்த வரிக்குத் தள்ளும். மிச்சமிருக்கும் இரண்டு சொல்லுக்கு நடுவே பொக்கைவாய் மாதிரி இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் நேராக விட்டுவிடுவதே அழகு.

வேர்ட் கோப்பிலிருந்தோ பேஸ்புக்கிலிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது ‘கன்ட்ரோல், ஷிப்ட், வி’ மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள். வெறும் ‘கன்ட்ரோல், வி’ போட்டால் வேர்டின் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் கூடவே குடிவந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வருடம் கழித்து வார்ப்புருவை மாற்றும்போது நாற்பது இடுகை மட்டும் வேறு அளவில், வெள்ளைப் பின்னணிப் பட்டையோடு நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து வடிவத்தைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

பழைய பாமினி, டிஸ்கி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் போடுகிறவர்கள் துணைக்காலையும் ரகரத்தையும் கவனியுங்கள். மாற்றிகள் பெரும்பாலும் சரியாகச் செய்யும். ஆனால் மூலத்தில் தட்டியவரே ‘ா’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ தட்டியிருந்தால் மாற்றியால் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடலில் அகப்படாது. ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக இருப்பதும் இதே சாதிப் பிழை. ‘ஔவையார்’ என்று தேடுகிறவருக்கு ‘ஒள’ போட்டு எழுதிய இடுகை கிடைக்காமல் போகலாம்.

ஆறு வருடம் கழித்து வரும் பின்னூட்டம்

சுண்டைக்காய் இடுகைக்கு வெளியிட்ட வாரத்தில் முப்பது பேர் வருவார்கள். பாதிப்பேர் தெரிந்தவர்கள். அதோடு முடிந்தது என்று தோன்றும். ஆனால் தேடுபொறியில் அது உட்கார்ந்த பிறகு மாதம் பத்துப் பேர், இருபது பேர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். வெளியூரில் தனியாகச் சமைக்கிறவர், கல்யாணமாகி அயல்நாடு போனவர். ஆறு வருடம் கழித்து ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர், ‘வற்றல் போடும்போது மோரில் உப்புக் குறைந்தால் வறுக்கும்போது கசப்பு தூக்கும், அதையும் சேர்த்து எழுதுங்கள்’ என்று எழுதிவிட்டுப் போவார். எழுதியவர் இடுகையைத் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். அந்த இடுகை இப்போது இரண்டு பேர் கைபட்டது. இந்த ஒரு பின்னூட்டம் தரும் நிறைவை நூறு விருப்பக்குறி தராது. பழைய பதிவர்கள் பின்னூட்டத்துக்கு ஏன் அவ்வளவு மரியாதை கொடுத்தார்கள் என்பது இதை அனுபவித்தவர்களுக்குப் புரியும்.

அதனால் பின்னூட்டப் பெட்டி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிளாகரில் இதுதான் அடிக்கடி மக்கர் செய்யும் பாகம். இடுகையின் கீழேயே பெட்டி வரும்படி ‘உட்பொதிந்தது’ என்று வைத்திருந்தால், மூன்றாம் தரப்புக் குக்கிகளை (வேறொரு தளம் உலாவியில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகளை) தடுக்கும் உலாவிகளில் உள்நுழைவு நிற்காது. ஐபோனின் சஃபாரியில் இது சர்வசாதாரணம். வாசகர் பாடுபட்டு எழுதி அனுப்புவார், பக்கம் மறுபடி உள்நுழையச் சொல்லும், எழுதியது போய்விடும். அவர் திரும்ப வரமாட்டார். உங்களுக்கும் நடந்தது தெரியாது. அமைப்புகளில் பின்னூட்ட இடத்தை ‘முழுப் பக்கம்’ அல்லது ‘பாப்அப் சாளரம்’ என்று மாற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

யாரை அனுமதிப்பது என்பதில் பெயரில்லாமல் எழுதுகிறவர்களையும் சேர்த்து ‘எவரும்’ என்று வைப்பதே நல்லது. வயதான வாசகர்கள் பலர் கணக்கில் உள்நுழைந்து எழுதமாட்டார்கள். குப்பை வருமே என்றால், மட்டுறுத்தலை, அதாவது பின்னூட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் ஏற்பாட்டை, ‘சில நேரம்’ என்று வைத்து நாள் கணக்கை 14 என விடுங்கள். புது இடுகைக்கு வருவது உடனே தெரியும், இரண்டு வாரத்துக்கு மேல் பழையதற்கு வருவது உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். விளம்பரக் குப்பை பழைய இடுகைகளைத்தான் தேடி வரும், அதனால் இந்த ஏற்பாடு போதும். அறிவிப்புக்கு மின்னஞ்சல் முகவரி கொடுக்க மறந்தால் அந்த ஆறாம் வருடப் பின்னூட்டம் வரிசையிலேயே கிடந்து மட்கும்.

குறிச்சொல் விஷயத்தில் ஆரம்பத்தில் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். ஒரு இடுகைக்குப் பத்து வைப்பது. ‘சமையல்’, ‘சமையல் குறிப்பு’, ‘சமையற்குறிப்பு’ மூன்றும் பிளாகருக்கு மூன்று தனிக் குறிச்சொல். ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு சொல்லை எழுதி வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே நில்லுங்கள். குறிச்சொல் பக்கங்களைத் தேடுபொறி பார்க்காதபடி பிளாகரே தடுத்து வைத்திருக்கிறது. ஆகவே அதிகம் வைத்தால் கூட்டம் வரும் என்பது வீண் நம்பிக்கை. அது வீட்டுக்குள் வந்தவருக்கு அலமாரி காட்டத்தான்.

எண்ணிக்கைப் பக்கத்தை அதிகம் நம்ப வேண்டாம். பிளாகரின் கணக்கில் இயந்திர வருகைகளும் சேரும். ஒரே நாளில் எங்கோ ஒரு நாட்டிலிருந்து நானூறு பேர் வந்ததாகக் காட்டும், ஒருவரும் படித்திருக்கமாட்டார். உண்மை நிலவரம் வேண்டுமானால் கூகுள் சர்ச் கன்சோலில் வலைப்பூவைச் சேருங்கள். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று அங்கே தெரியும். அடுத்து எதை எழுதலாம் என்பதற்கு அதைவிட நல்ல யோசனை வேறெங்கும் கிடைக்காது.

சொந்தப் பெயர்ப்பலகை

செலவழிக்க மனமிருந்தால் ஒன்றே ஒன்றுக்குச் செலவழியுங்கள்: சொந்த டொமைன், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரி. பொதுவான முகவரிகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் பக்கம் ஆகும். முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையையும் கேளுங்கள். முதல் வருடம் தள்ளுபடி கொடுத்துவிட்டு அடுத்த வருடத்திலிருந்து ஏற்றுவது அந்தத் தொழிலின் வழக்கம்.

ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2012-லிருந்து கூகுள், இந்தியாவிலிருந்து வருகிற வாசகர்களை பிளாக்ஸ்பாட்டின் ‘டாட் காம்’ முகவரியிலிருந்து ‘டாட் இன்’ முகவரிக்குத் திருப்பிவிட்டது. வாசகர்கள் உலாவியில் தெரிந்த ‘டாட் இன்’ சுட்டியையே நகலெடுத்து எங்கும் பகிர்ந்தார்கள். 2018-இல் அந்த ஏற்பாட்டைக் கூகுள் நிறுத்தியது. 2020-இல் அந்த ‘டாட் இன்’ முகவரியே கூகுளின் கையை விட்டுப் போனது. அன்றோடு அத்தனை வருடப் பகிர்வுகளும் அறுந்தன. இன்றும் பழைய சுட்டி ஒன்று திறக்கவில்லை என்றால் முகவரியில் ‘இன்’ என்பதை அழித்து ‘காம்’ என்று போட்டுப் பாருங்கள், இடுகை அங்கே பத்திரமாக இருக்கும். சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கு இந்த அடி படவில்லை.

இணைக்கும் வேலை அரைமணி. அமைப்புகளில் ‘தனிப்பயன் டொமைன்’ பெட்டியில் மூன்று டபிள்யூவோடு முகவரியைக் கொடுத்தால் முதலில் பிழை காட்டும். பயப்படாதீர்கள், அந்தப் பிழைச் செய்திக்குள்தான் வேண்டிய இரண்டு சி-நேம் வரிகளும் (உங்கள் முகவரியை பிளாகரோடு இணைப்பவை) இருக்கும். அவற்றை டொமைன் விற்றவரின் பக்கத்தில் டிஎன்எஸ் (முகவரி அமைப்பு) பகுதியில் அப்படியே சேருங்கள். டபிள்யூ போடாமல் தட்டுகிறவர்களுக்காக முகவரியை எண்ணோடு இணைக்கும் நான்கு ஏ-பதிவுகளும் அங்கேயே வேண்டும்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. இந்த நான்கை விடுகிறவர்கள்தான் ‘சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் திறக்கவில்லை’ என்று புலம்புவார்கள். சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் பொறுத்து மறுபடி சேமியுங்கள். பிறகு அமைப்புகளில் ‘எச்டிடிபிஎஸ்’ (பாதுகாப்பான இணைப்பு) பகுதியில் உள்ள இரண்டு பொத்தான்களையும் இயக்கிவிடுங்கள். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களை பிளாகரே புது முகவரிக்கு அழைத்துவரும்.

விளம்பர வருமானம் பற்றி ஒரு பத்தி போதும். 2018 பிப்ரவரியிலிருந்து கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை ஏற்கிறது. ஆனால் வாரம் ஒன்று எழுதும் தனிமனிதருக்கு அதில் வருவது டொமைன் செலவைத் தேற்றினாலே பெரிது; சுண்டைக்காய்க்கும் பக்குவத்துக்கும் நடுவே விளம்பரம் வந்து உட்காருவதால் போகும் மதிப்பு அதைவிட அதிகம்.

குறைகள்

திருத்த வரலாறு கிடையாது. இதுதான் பிளாகரின் பெரிய ஓட்டை. வேர்ட்பிரஸில் ஒரு பத்தியைத் தவறி அழித்தால் முந்தைய பிரதியை எடுக்கலாம். இங்கே முடியாது. ஒரே வரைவைக் கணினியிலும் செல்போனிலும் திறந்து வைத்திருந்தால், தானே சேமிக்கும் வசதி பழையதைக் கொண்டுபோய்ப் புதியதன் மேல் எழுதிவிடும். நீளமாக எழுதுவதை வேறொரு கோப்பில் எழுதிவிட்டுக் கடைசியில் ஒட்டுங்கள்.

புது இடுகைகளை மின்னஞ்சலில் வாசகர்களுக்கு அனுப்பிய ஃபீட்பர்னர் வசதி 2021 ஜூலையில் நின்றுபோனது. பதிலுக்கு பிளாகர் எதுவும் தரவில்லை. வாசகர்களை மின்னஞ்சலில் பிடித்து வைத்திருப்பதே நோக்கம் என்றால் மின்னஞ்சல் வழியே எழுத்தை அனுப்பும் சப்ஸ்டாக் பக்கம் போகலாம். அங்கே அது நன்றாக நடக்கிறது.

வார்ப்புருவில் புதுமை எதுவும் வருவதில்லை, உதவி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. தானியங்கி ஒன்று உங்கள் வலைப்பூவைக் குப்பை என்று தவறாகக் குறித்துப் பூட்டினால், மறுபரிசீலனை கேட்டுவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இலவசத்துக்கு இது விலை.

ஆகவே காப்புப்பிரதி. அமைப்புகளில் ‘வலைப்பூவை நிர்வகி’ என்ற பகுதியில் உள்ளடக்கத்தைக் காப்பெடுக்கும் வழி இருக்கிறது. இடுகை, பக்கம், பின்னூட்டம் எல்லாம் ஒரு கோப்பில் வரும். படங்கள் வராது. கோப்பில் படத்தின் முகவரி மட்டும்தான் இருக்கும், படம் கூகுளின் சேமிப்பில் கிடக்கும். கல்வெட்டுப் படம், குடும்பப் படம் என்று போடுகிறவர்கள் மூலப் படங்களை ஆண்டுவாரியாகத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்தே தீர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்பெடுத்து, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு, மின்னஞ்சலில் தனக்கே அனுப்பி வைப்பது எளிய பழக்கம்.

கடைசியாக, கேட்கக் கொஞ்சம் சங்கடமான ஒன்று. இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் இப்போதைய விதி. எழுதியவர் படுக்கையில் விழுந்தாலோ காலமானாலோ வலைப்பூவும் கூடவே போய்விடக்கூடும். இதற்கு இரண்டு வேலை செய்து வைக்க வேண்டும். ஒன்று, அமைப்புகளில் ‘அனுமதிகள்’ பகுதியில் மகளையோ மருமகனையோ நண்பரையோ ஆசிரியராக அழைத்து, அவர் ஏற்றுக்கொண்டதும் நிர்வாகியாக மாற்றிவிடுவது; அழைப்பு மின்னஞ்சலை அவர் திறந்து ஒப்புக்கொண்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, கூகுள் கணக்கில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ என்ற இடத்தில் 3, 6, 12, 18 மாதம் ஆகியவற்றில் ஒரு கெடுவைத் தேர்ந்து, அதற்குப்பின் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று பெயர் கொடுப்பது. பத்துப் பேர் வரை சேர்க்கலாம். டொமைன் வைத்திருப்பவர்கள் அதை எங்கே வாங்கினோம், எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்ஐசி பாலிசி எண்ணும் பேங்க் பாஸ்புக்கும் இருக்கும் அதே கோப்பில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.